அடுப்பங்கரையில் ஒரு வரலாறு

மாலையில் வேலை முடிந்து இல்லம் திரும்பியபின், அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சூடு ஆறுமுன் தேங்காய்த் துருவலுடனோ நெத்திலிச் சம்பலுடனோ உண்டு, ஒரு குவளைத் தேநீர் அருந்துவது நம் தோட்டப்புற இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் எளிய இன்பங்களுள் ஒன்றாகும். இதற்கு மிகுந்த பொருட்செலவு இல்லை. திருநாள் வரவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் இந்த ஒரு தட்டிலுள்ள பொருள்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போமானால், கடல் கடந்து வந்த பயிர்களின் கதையும், நம் முன்னோர் பட்ட பாடும் அதனுள் அடங்கியிருக்கக் காண்போம்.

கிழங்கும் ரப்பரும் உறவு

முதலில் கிழங்கை எடுத்துக்கொள்வோம். மரவள்ளி நம் நாட்டுப் பயிரன்று, தமிழகத்துப் பயிருமன்று. அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் கடல்வழி கண்டபின்னரே அது ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காப் பகுதியில் மாவு எடுப்பதற்காகவே பெருமளவில் இது பயிரிடப்பட்டது.

ரப்பரின் கதையும் இதனை ஒத்ததே. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்ஹாம் என்பவர் ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன.

இங்கே நாம் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரப்பரும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கும் அக்குடும்பமே. மரவள்ளியின் இலைக்காம்பை ஒடித்துப் பார்த்தால், ரப்பர் மரத்தைப் போலவே வெண்ணிறப் பால் கசியக் காணலாம். விடியற்காலையில் நம் பெற்றோர் பால் வெட்டச் சென்ற மரமும், வீட்டுக் கொல்லையில் அவர்கள் ஊன்றிய கிழங்கும் ஒரே கண்டத்திலிருந்து வந்த உறவினர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

பெயரிலும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழர் இதனை ‘மரவள்ளி’ என்றனர். வள்ளி என்பது கிழங்குக் கொடியைக் குறிக்கும் சொல். மலாய் மொழியில் இது ‘ஊபி காயு’. ஊபி என்றால் கிழங்கு, காயு என்றால் மரம். புதியதொரு பயிரைக் கண்ட இரண்டு மக்களும் ஒரே வகையில் சிந்தித்துப் பெயரிட்டிருக்கின்றனர்.

மிளகும் மிளகாயும்

சம்பலில் இடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பொருளே. 1492ஆம் ஆண்டிற்கு முன்னர் இப்பகுதி மக்கள் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. அதுவரை நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகே. அதனாற்றான் சங்க நூல்களில் மிளகு பேசப்படுகின்றது, மிளகாய் பேசப்படவில்லை. பின்னர் போர்த்துக்கீசியர் வாயிலாக இக்காய் வந்தபோது, மிளகு போன்று காரம் உடைய காய் என்பதால் ‘மிளகாய்’ எனப் பெயர் பெற்றது. மலாய் மொழியிலும் மிளகைக் குறிக்கும் ‘லாடா’ என்னும் சொல் சில மாநிலங்களில் மிளகாய்க்கும் வழங்கிவருகின்றது.

பிள்ளைகளோடு உணவருந்தும் வேளையில் இத்தகைய சொற்களைத் தேடுவது நல்லதொரு பொழுதுபோக்காகும். மலாய் மொழியிலுள்ள ‘கெடாய்’ நம் கடை. ‘பெத்தி’ நம் பெட்டி. ‘காத்தில்’ நம் கட்டில். ‘மெம்பெலம்’ நம் மாம்பழம். பண்டை நாள் வணிகர் துணியும் மணியும் மட்டும் கொண்டுவரவில்லை, சொற்களையும் கொண்டுவந்தனர். அவ்வாறே இத்தீவுகளின் ‘சாகு’ மரத்து மாவிலிருந்து செய்யப்பட்ட ஜவ்வரிசி நம் பாயசத்தில் இடம் பெற்றது. இன்று தமிழகத்துச் சேலம் வட்டாரத்தில் செய்யப்படும் ஜவ்வரிசியோ மரவள்ளி மாவினால் ஆனது. ஆகவே திருநாளன்று பாயசம் அருந்தும்போதும் நாம் மரவள்ளியையே உண்கின்றோம் எனலாம்.

பசித்த காலத்துத் துணை

இக்கிழங்கை நாம் இன்பத்தோடு உண்கின்றோம். ஆனால் இதனைத் தொடவே விரும்பாத முதியோரும் நம்மிடையே இருந்தனர். அதன் காரணத்தை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. அக்காலத்தில் நம் நாட்டுக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. போரினால் அவ்வரவு குன்றியது. ரப்பரை வாங்குவாரும் இல்லை. 1945 வரை தோட்டத்து மக்களின் பானையில் வெந்தது பெரும்பாலும் மரவள்ளியே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பி வரவேயில்லை. கணவரையும் மகனையும் அவ்வாறு பிரிந்த பெண்கள், வீட்டில் எஞ்சிய குழந்தைகளை இக்கிழங்கைக் கொண்டே காப்பாற்றினர். அந்நாளைய பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. போர் முடிந்தபோது அந்நோட்டு வெறும் தாளாயிற்று. கொல்லையில் இருந்த கிழங்கோ கடைசிவரை கைவிடவில்லை.

சமையலில் உள்ள அறிவு

கிழங்கைச் சமைப்பதில் நம் பாட்டிமார் கடைப்பிடித்த முறைக்கும் தக்க காரணம் உண்டு. மரவள்ளியில் சயனைடு என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள்கள் இயற்கையாகவே அமைந்துள்ளன. அவை தோலில் மிகுதி. கசப்பு வகைக் கிழங்குகளிலும் மிகுதி. அதனால் மேல்தோலோடு அடுத்துள்ள தடித்த தோலையும் நீக்கி, துண்டுகளாக்கி, நன்கு கழுவி, நிறைந்த நீரில் மூடாத பானையில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பச்சையாக ஒருபோதும் உண்ணலாகாது. கசக்கும் கிழங்கை எறிந்துவிடுவதே நன்று. இலையைச் சமைப்பதாயினும் நன்கு வேகவைத்து நீரை வடித்தல் வேண்டும். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்குமாதலால் வேண்டிய அளவே தோண்டுக.

இன்னொன்று: இக்கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, உடலை வளர்க்கும் புரதச்சத்தோ மிகக் குறைவு. போர்க்காலத்தில் இதனையே உண்டு வாழ்ந்தோர் பலர் சத்துக்குறைவால் நோயுற்றனர். நெத்திலி, கடலை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து உண்ணும் நம் வழக்கம் நாவிற்குச் சுவை தருவதோடு உடலுக்கும் துணை செய்கின்றது.

எழுதி வைப்போம்

இன்று தோட்டங்களின் தோற்றம் மாறிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1917இல் சிலாங்கூர்த் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிக முறையில் நடப்பட்ட செம்பனை, ரப்பர் நின்ற பல இடங்களை எடுத்துக்கொண்டது. லயங்கள் பல மறைந்து, வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. குடும்பங்கள் நகரங்களுக்குச் சென்றுவிட்டன. 1942இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். தோட்டத்து அலுவலகக் கணக்குப் புத்தகத்தில் ஆட்களின் பெயரும் கூலியும் இருந்திருக்கலாம். அவர்கள் எதை உண்டனர், எதைப் பாடினர், யாருக்காகக் காத்திருந்தனர் என்பது அதில் இராது. அஃது அவர்கள் நெஞ்சிலும், அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளின் நினைவிலும் மட்டுமே உள்ளது.

ஆகவே வாசகர்கள் ஒன்று செய்யலாம். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உணவருந்தும் நேரத்தில் தாத்தா பாட்டியிடம், அவர்கள் இல்லையேல் பெரியப்பா, அத்தை போன்றோரிடம், நாளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டம்? லயத்திற்கு அருகே என்னென்ன மரங்கள் இருந்தன? அரிசி இல்லாத நாளில் என்ன சமைத்தார்கள்? இரயில் பாதைக்குப் போனவர் யார்? அவர் சொல்லும் சொற்களிலேயே பிள்ளைகள் எழுதட்டும். சொன்னவர் பெயரையும் நாளையும் குறிக்கட்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்துவைப்பது இன்னும் சிறப்பு. முதியவர் பேச விரும்பாத செய்தியாயின் வற்புறுத்தாமல் விட்டுவிடுதலே பண்பாகும்.

எழுத்தறியும் வாய்ப்புப் பெறாத நம் பாட்டிமார் பலர், தம் வரலாற்றைத் தாமே எழுதிச் செல்லவில்லை. பள்ளி சென்ற நாம் அவர்களுக்காக எழுதுவது கடமையன்றோ? கேட்கும் காலம் இன்னும் சிறிது இருக்கின்றது, இன்றே தொடங்குவோமாக.