மொட்டைக் கோபுரமும் ஒரு பள்ளிக் கட்டுரையும்

அக்கா பெண் ஒன்பதாவது படிக்கிறாள். 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். முன்னுரை, காவிரி, கொள்ளிடம், ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை, ஏழு பிராகாரம், முடிவுரை. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த பெண் எழுதியது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஊரையே பார்க்காதவரும் இதை எழுதிவிடலாம்.

"முதல்ல இதைப் படி" என்று சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' புத்தகத்தைக் கொடுத்தேன்.

சுஜாதா (1935–2008) இங்கே பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், சென்னை எம்.ஐ.டி., அப்புறம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். ஊரை விட்டுப் போய்ப் பல வருடங்கள் கழித்து, தன் பால்யத்து ஸ்ரீரங்கத்தை இந்தக் கதைகளில் எழுதினார்.

ரெண்டு நாள் கழித்து வந்தாள். "மாமா, சித்திரை வீதியெல்லாம் வருது! நான் டியூஷன் போற வழி!"

வாசகர் தன் அனுபவத்தையும் கொண்டுவந்தால்தான் பிரதி முழுமையாகிறது என்று லூயிஸ் ரோசன்பிளாட் 1938-லேயே எழுதினார். 1997-ல் கீன், ஜிம்மர்மன் என்ற இருவர், படிப்பதைத் தன்னோடும், வேறு புத்தகங்களோடும், உலகத்தோடும் இணைத்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கலாம் என்று விளக்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "எனக்கும் அந்தத் தெரு தெரியும்" என்பதோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அதற்குமேல் எழுத ஒன்றும் இருக்காது.

அதனால் நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். கதையில் இருக்கிற ஊருக்கும் உன் ஊருக்கும் எது ஒத்துப்போகவில்லை?

யோசித்தாள். நானே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். "சுஜாதா சின்னப் பையனா இருந்தப்போ இந்த ராஜகோபுரமே கிடையாது, தெரியுமா?"

நம்பவில்லை. நூற்றாண்டுகளாக அடிப்பகுதி மட்டும் கட்டி நின்றுபோயிருந்தது. மொட்டைக் கோபுரம் என்பார்கள். 1987-ல்தான் முழுசாக முடிந்தது. "பாட்டியைக் கேளு, கட்டினதைப் பார்த்தவங்க" என்றேன்.

பாட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுதிய கட்டுரையில், சாரம் கட்டிய கோபுரத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்தபடி கடைக்குப் போன ஒரு பெண் வருகிறாள். தாத்தாவுக்குத் தெரியாமல், மளிகைக் காசில் மிச்சம் பிடித்த பத்து ரூபாயைத் திருப்பணி உண்டியலில் போடுகிறாள். கடைசி வரி: 'அந்தக் கோபுரத்தில் ஏதோ ஒரு செங்கல் எங்கள் பாட்டியுடையது.'

236 அடியும் உள்ளே இருக்கிறது. இப்போது அதைப் படித்தால் மறக்காது.

"எக்ஸாம்ல இப்படி எழுதினா மார்க் வருமா மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. குறிப்புச் சட்டகம் கொடுத்திருந்தால் அதன்படி தலைப்புகளைப் போட்டுக்கோ, உள்ளே ஒரு பத்தியாவது நீ மட்டும் எழுதக்கூடியதா இருக்கட்டும் என்றேன்.

வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ நடக்கிற ஒரு கதையைக் கொடுங்கள். அதில் இருந்து இன்று இல்லாதது எது, இன்று இருந்து அதில் இல்லாதது எது என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே வாழ்ந்த ஒருவரிடம் பிள்ளையை அனுப்புங்கள்.

அந்தப் பத்து ரூபாய் விஷயம், நாற்பது வருஷமாக அம்மாவின் பிள்ளையாக இருக்கிற எனக்கே தெரியாது. நான் கேட்டதில்லை.