கணக்கைப் பார்க்காத பிழை யாருடையது?

பல வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு பலசரக்குக் கடை வாங்கினேன். விற்றவர் எங்கட ஊர்க்காரர். "அண்ணை, கிழமைக்குப் பத்தாயிரம் பவுண்ஸ் ஓடுது. கணக்குக் கொப்பி இருக்கு, வேணுமெண்டால் பாருங்கோ" என்றார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்ற வெட்கம். கடையை எடுத்த பிறகு ஆறாயிரத்தைத் தாண்டவே இல்லை.

"படிச்சனீங்கள், கொப்பியைப் பார்த்திருக்க வேண்டாமோ?" என்று மனைவி கேட்டா. ஊரில் எல்லோரும் கேட்டதும் அதுதான். பிழை என்னுடையது என்று நானும் நம்பி, வாய் திறக்காமல் ஒன்றரை வருடம் கடையை இழுத்தேன்.

பிறகுதான் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் 1881-ஆம் ஆண்டு வழக்கொன்றைச் சொன்னார்: ரெட்கிரேவ் எதிர் ஹேர்ட். வயதான வழக்கறிஞர் ஒருவர் தன் தொழிலில் பங்கும் வீடும் சேர்த்து விற்க வந்தார். வருடத்துக்குச் சுமார் 300 பவுண்ஸ் வருமானம் என்றார். உண்மையில் 200 அளவில்தான். "பத்திரங்கள் இதோ" என்று காட்டியும் வாங்க வந்தவர் சரியாகப் பார்க்கவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார், மேன்முறையீட்டில் வென்றார். பார்க்க வாய்ப்பு இருந்தது என்பது பொய் சொன்னவரைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். ஒப்பந்தம் கலைந்தது.

அப்படியென்றால் என் கடையையும் திருப்பிக் கொடுக்கலாம்தானே என்று கேட்டேன். இங்கேதான் இடி விழுந்தது. விஷயம் தெரிந்த பிறகும் பொருளைத் தொடர்ந்து பாவித்தால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுக்கும். 1958-இல் லோங் எதிர் லொயிட் வழக்கில் ஒருவர், வாங்கிய லொறி பழுது என்று தெரிந்தும் அதை இன்னொரு நெடும் பயணத்துக்கு அனுப்பினார். திருப்பிக் கொடுக்கும் உரிமை அத்தோடு போனது. எனக்கு வெட்கத்தில் போன அந்த ஒன்றரை வருடம்தான் அந்தப் பயணம்.

நட்டஈடு கேட்கும் வழி மட்டும் மிச்சம். 1967-ஆம் ஆண்டின் தவறான எடுத்துரைப்புச் சட்டம் இங்கிலாந்தில் வாங்குபவருக்கு நல்ல துணை. "எனக்கும் தெரியாது, நானும் நம்பினேன்" என்று விற்றவர் சும்மா சொல்லித் தப்ப முடியாது. நம்பியதற்கு நியாயமான காரணம் இருந்ததென்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் "போகப் போக இன்னும் நல்லா ஓடும்" போன்ற வியாபாரப் பேச்சை இதில் பொதுவாகப் பிடிக்க முடியாது. பிடிபட்டது அந்தப் பத்தாயிரம்தான், அதுவும் அவர் அதை ஒரு குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பியிருந்ததால். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் எதை வைத்து நிரூபிப்பேன்?

வழக்குக்கு முன்பே பேசி, ஒரு பகுதிப் பணம் திரும்பி வந்தது. சட்டத்தரணிக்குக் கொடுத்தது போக மிஞ்சியது கொஞ்சம்தான். கோயில் திருவிழாவில் இப்போதும் அவரைக் காண்கிறேன். அவர்தான் மற்றப் பக்கம் பார்க்கிறார்.