‘ஓடாத சரக்கு’ என்று ஒதுக்கப்பட்ட பொம்மை



சில மாதங்களுக்கு முன் சில்லறைக் கடைக்காரத் தம்பி ஒருவர் நம்மிடம் வந்தார். "அண்ணாச்சி, கறுப்பு நிறத்தில் பாப்பா பொம்மை இருக்கிறதா? ஒரு அம்மா கேட்டார்கள்" என்றார். "அது ஓடாது தம்பி" என்று சட்டெனச் சொல்லிவிட்டோம். நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்தும், அந்தச் சரக்கை ஒரு முறைகூட வாங்கி வைத்துப் பார்த்ததில்லை. பிறகு எப்படி ஓடாது என்று சொன்னோம்? இந்தக் கேள்வி மனதை உறுத்தவே, அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைப் பொம்மைகளின் கதையைத் தேடிப் படித்தோம்.

அங்கு நெடுங்காலம் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் வெள்ளைப் பொம்மைகளே. கறுப்புப் பொம்மை என்றால் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாய்க் கேலிச் சித்திரம்போல இருக்கும். அடிமையாகப் பிறந்து, பின்னர் நாஷ்வில் நகரில் பதிப்பகம் நடத்திய ரிச்சர்டு ஹென்றி பாய்டு என்ற பாதிரியார், 1908ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியிலிருந்து அழகிய கறுப்புப் பொம்மைகளை வரவழைத்து விற்றார். அவருடைய ‘நேஷனல் நீக்ரோ டால் கம்பெனி’ சில ஆண்டுகளே நடந்தது.

கடை அலமாரி பிள்ளை மனதில் என்ன எழுதுகிறது என்பதை 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் காட்டினர். நிறம் தவிர வேறு வேறுபாடு இல்லாத பொம்மைகளை 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளைப் பொம்மையையே கேட்டனர். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

1951இல் ‘சாரா லீ’ பொம்மை வந்தது. புளோரிடாவைச் சேர்ந்த சாரா லீ கிரீச் என்ற வெள்ளையர் பெண்மணியின் முயற்சி அது. வெள்ளைப் பொம்மையின் அச்சில் பழுப்பு நிறம் ஊற்றாமல், கறுப்பினக் குழந்தைகளின் முகத்தையே பார்த்துச் சிற்பி வடித்தார். ஐடியல் கம்பெனி தயாரித்தது. ஆனால் வினைல் மேனியில் சாயம் நிலைக்கவில்லை. 1953க்குள் விற்பனை நின்றது.

உண்மையான போணி 1968இல் ஆனது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் கலவரத்தில் எரிந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் வட்டாரத்து மக்களுக்காக ‘ஷிண்டானா’ என்ற பொம்மைத் தொழிற்சாலை எழுந்தது. சுவாஹிலி மொழியில் இதற்குப் ‘போட்டியிடு’ என்று பொருள். பெரிய கம்பெனியான மேட்டல் பணமும் தொழில் அறிவும் கொடுத்து உதவியது, உரிமை கேட்கவில்லை. முதல் சரக்கு ‘பேபி நான்சி’. அந்த ஆண்டு நவம்பருக்குள் லாஸ் ஏஞ்சல்ஸில் மிக அதிகம் விற்ற கறுப்புப் பொம்மை அதுதான்; கிறிஸ்துமஸுக்குள் நாடெங்கும் போயிற்று. கேட்க ஆள் இருந்தது. வைக்கத்தான் கடை இல்லை!

ஷிண்டானா 1983இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பழைய பொம்மைகளைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். பிடரியில் பொறித்த கம்பெனிப் பெயரையும் ஆண்டையும் பார்க்கிறார்கள். முகம் சொந்த அச்சா, நிறம் மாற்றிய வெள்ளை அச்சா என்று பார்க்கிறார்கள். பழைய உடை, பெட்டி இருந்தால் மதிப்பு கூடுகிறது. சிறு வயதில் தனக்குக் கிடைக்காத பொம்மையை முதுமையில் வாங்குவோரும் உண்டு. பிலடெல்பியாவில் 1988இல் பார்பரா ஒயிட்மேன் கறுப்புப் பொம்மைகளுக்கென்றே அருங்காட்சியகம் தொடங்கினார். பேபி நான்சி 2020இல் அமெரிக்க தேசியப் பொம்மைப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது.

வணிகப் பெருமக்களே! எதை வைப்பது, எதை ஒதுக்குவது என்று கல்லாவில் அமர்ந்து நாம் செய்யும் முடிவை ஒரு குழந்தை கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வைக்காத சரக்கை ‘ஓடாத சரக்கு’ என்று சொல்வது வியாபாரக் கணக்கு ஆகாது.

அந்தத் தம்பிக்கு ஆள் அனுப்பிவிட்டோம். அடுத்த கொள்முதலில் இரண்டு டஜன் கறுப்புப் பாப்பாக்களுக்கு ஆர்டர் எழுதியாயிற்று. ஓடினால் லாபம். ஓடாவிட்டாலும், கேட்டு வந்த அந்த அம்மாவுக்கு ஒன்று நிச்சயம் உண்டு.