இரு கணினிகளும் எதிரொலியும்

மாலுமிகளின் கண்ணுக்குக் கடலின் அடித்தளம் தெரிவதில்லை. ஆயினும் அதன் ஆழத்தை அவர்கள் அறிவர். கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலியை அனுப்பி, அது கடலடியில் மோதித் திரும்புதற்கு எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பர். ஆழமான இயற்கைத் துறைமுகத்தினால் புகழ்பெற்ற திருகோணமலைக்கு இம்முறை புதியதன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய இத்துறைமுகத்துக்கு வந்த போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகளைத் தேடுதற்கும் எதிரொலியையே பயன்படுத்தின. அதே தத்துவம் இன்று வீட்டுக்குள்ளும் பயன்படுகின்றது. இரு கணினிகளுக்கிடையே தொடர்பு அறும்போது, பழுது எங்கே உள்ளது என்பதை அறிய உதவுவது அதுவே.

1983 டிசம்பரில், அமெரிக்கத் தரைப்படையின் ஆராய்ச்சிக்கூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் ஒரு சிறு நிரலை எழுதினார். சோனார் கருவியின் ஒலியை நினைந்து அதற்குப் ‘பிங்’ என்று பெயரிட்டார். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகின்றதா, வருமாயின் எவ்வளவு நேரத்தில் வருகின்றது என்று கூறுவதே அதன் தொழில். இன்று வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அது உடன் அமைந்துள்ளது.

இஃது இல்லங்களுக்கு ஏன் வேண்டும்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, திருகோணமலைக் கரையோரத்தில் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. வீடுகளோடு காணி உறுதிகளும் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் அழிந்தன. இன்று அத்தகைய ஆவணங்களைப் பலர் ஒரு கணினியில் சேமித்து, இரண்டாவது கணினியிலும் பிரதி வைக்கின்றனர். இடையிலுள்ள தொடர்பு அறுந்தால் பிரதியெடுத்தல் ஓசையின்றி நின்றுவிடும். முதற்கணினி பழுதுறும் நாளிலேதான் அந்த இழப்புத் தெரியவரும்.

பழுதைத் தேடுவோர் அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லுதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், பழுது நீங்கினாலும் காரணம் விளங்காது.

முதலில் வடத்தையும் விளக்கையும் நோக்குக. வடம் செருகப்பட்ட துளையின் அருகே விளக்கு எரியாவிடின், வடத்தையோ துளையையோ ஐயுறல் தகும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோகத் தொடுகைகளை அரிக்கவல்லன. இடிமின்னலின்போது எழும் மின்னெழுச்சி துளையையே கெடுத்துவிடலாம். நன்றாக இயங்குவதாகத் தெரிந்த வேறொரு வடத்தை மாற்றிப் பார்த்தலே எளிய சோதனை.

அடுத்தது முகவரி. வீட்டிலுள்ள ரவுட்டர், கணினி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரியை வழங்கும். ஒன்றுக்கு 192.168.1.5 என்றும் மற்றொன்றுக்கு 192.168.1.6 என்றும் இருந்தால் அவை ஒரே தெருவின் இரு வீடுகளைப் போன்றவை. மாறாக, ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், அது ரவுட்டரிடமிருந்து முகவரி பெறாமல் தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அப்பொழுது பழுது, அக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ளது.

முகவரிகள் சரியாயின், எதிரொலிச் சோதனையைப் படிப்படியாக நடத்தலாம். முதலில் 127.0.0.1 என்னும் எண்ணுக்குப் பிங் செய்க. அது கணினி தன்னைத்தானே அழைப்பது. பின்னர் ரவுட்டரை அழைக்க, அதன்பின் மற்றக் கணினியை அழைக்க. எந்தப் படியில் மறுமொழி நிற்கின்றதோ, அந்தப் படியிலேயே பழுதைத் தேடுதல் வேண்டும். எண்ணைக் கொண்டு அழைத்தால் மறுமொழி வந்து, பெயரைக் கொண்டு அழைத்தால் வராவிடின், பாதை நன்று. பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாடே பிழை. எதிரொலி வந்தும் கோப்புத் திறவாவிடின், பகிர்வு அனுமதியையும் கடவுச்சொல்லையும் நோக்குக.

இங்கே ஓர் எச்சரிக்கை. எதிரொலி வராமையால் மற்றக் கணினி அங்கே இல்லை என்று முடிவுகட்டலாகாது. இரு கணினிகளும் ரவுட்டரை எட்டியும் ஒன்றையொன்று எட்டாவிடின், பயர்வோல் எனப்படும் காவல், மறுமொழி கூறாது தடுத்திருக்கலாம். அல்லது அவற்றுள் ஒன்று, விருந்தினர்க்கெனத் தனியே ஒதுக்கிய வைஃபையில் இணைந்திருக்கலாம். இதனை அறியாத சிலர், காவலை முழுதும் நீக்கிவிட்டு மகிழ்வர். அது, திறப்பைத் தொலைத்தவன் கதவையே கழற்றி வைப்பது போன்றதாகும். வீட்டு வலையமைப்பு பொதுவிடத்து வலையமைப்பாகக் குறிக்கப்பட்டிருப்பின், அதனைத் தனிப்பட்டது என்று திருத்தி, கோப்புப் பகிர்வுக்கு மட்டும் வழிவிடுதலே தக்கது.

தொடர்பு மீண்டபின் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பிரதியெடுக்கப்பட்ட கோப்பு ஒன்றை இரண்டாவது கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். எதிரொலி, பாதை உண்டு என்றுமட்டுமே கூறும்; பொருள் போய்ச் சேர்ந்ததா என்று கூறாது. ஒரே கூரையின்கீழ் உள்ள இரு கணினிகளையும் ஒரே வெள்ளம் அழிக்கக்கூடும். ஆதலின், உள்ளூரிலுள்ள உறவினர் வீட்டிலன்றிக் கடலுக்கு எட்டாத ஊரொன்றில் மூன்றாவது பிரதியை வைத்திருத்தல் நலம்.