கட்டையில் காளானா, வைக்கோலில் காளானா?
கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கவனத்துக்கு

ஐப்பசியில் இடியோடு மழை பெய்த மறுநாள், மேகமலை அடிவாரத் தோட்டங்களில் காளான் தேடுவோரைக் காணலாம். புற்றை ஒட்டி முளைக்கும் புற்றுக்காளானின் சுவைக்கு ஈடில்லை என்பது பலருடைய தீர்ப்பு. ஆனால் அது ஆண்டில் சில நாட்களே கிடைக்கும். கரையான் தன் புற்றுக்குள் பேணி வளர்க்கும் பூசணத்திலிருந்து அது முளைக்கிறது. அந்த வேலையைக் கரையானிடமிருந்து மனிதர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எனவே வீட்டில் காளான் வளர்க்க விரும்புவோர், மரத்திலோ வைக்கோலிலோ வளரும் இனங்களைத்தான் நாட வேண்டும்.

மரம் என்றவுடன் ஜப்பானிய முறை நினைவுக்கு வரும். கட்டைகளில் வரிசையாகத் துளையிட்டு, வித்தை அடைத்து, நிழலில் சாய்த்து வைத்தால் கட்டை முழுவதும் காளான் பூத்து நிற்கும் படங்களைப் பார்த்தவர்கள், "நம் தோப்பில் இவ்வளவு விறகு கிடக்கிறதே, இதைச் செய்தால் என்ன?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. பணத்தைப் போடுமுன் அந்த முறையின் நெளிவு சுளிவுகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டையில் வளர்வது ஷிட்டாக்கே என்னும் காளான். சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மரத்தைக் கோடாலியால் கொத்திவிட்டு, காற்றில் வரும் விதைத்தூள் அதில் படிந்து முளைக்கும் வரை காத்திருந்தார்கள். அது அதிர்ஷ்டத்தை நம்பிய விவசாயம். 1940-களில் ஜப்பானில் மோரி கிசாகு என்பவர் மரத்துண்டுகளிலேயே பூசணத்தை வளர்த்து, அத்துண்டுகளைக் கட்டையில் அடிக்கும் முறையைக் கொண்டு வந்தார். அதன் பிறகே கட்டைக் காளான் உறுதியான தொழிலாயிற்று. இலையுதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் ஓக் மரத்தை வெட்டி, சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுப்பார்கள். கட்டையின் குறுக்களவு 8 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். பட்டை சிறிதும் உரியக் கூடாது. துளையில் வித்தை அடைத்து மெழுகால் மூடி நிழலில் அடுக்கிவிட்டால், பூசண இழை கட்டைக்குள் பரவ ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை பிடிக்கும். பிறகு குளிர்ந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து நிறுத்தினால் காளான் வெடித்து வரும். ஒரு கட்டை மூன்று நான்கு ஆண்டுகள் விட்டுவிட்டுப் பலன் தரும். நம் நாட்டில் நாகாலாந்து, மணிப்பூர் மலைகளில் இவ்வாறு வளர்க்கப்படுகிறது. அங்கே ஓக் இனத்து மரங்களும் உண்டு, குளிரும் உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டும் இல்லை. ஏலத்தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைச் சிலர் ஓக் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். பெயரில் மட்டுமே ஓக். ஷிட்டாக்கே ரகங்களில் பெரும்பாலானவை பூப்பதற்கு 20 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிரைக் கேட்பவை. சித்திரை வெயிலில் காயும் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ அதற்கு வழியில்லை. மலைக்குச் சென்று மரம் வெட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மலைப்பகுதிப் பட்டா நிலத்து மரங்களுக்கும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடை கரையான். ஈரக் கட்டையை நிழலில் ஓராண்டு போட்டு வைத்தால், இங்கே காளானுக்கு முந்திக்கொண்டு பந்தி முடிப்பது கரையானாகவே இருக்கும். அதை விரட்ட மருந்து தெளித்த கட்டையில் விளையும் காளானை உண்ணக் கூடாது. பணம் கொடுத்துத் துளைவித்து வாங்கிக் கட்டைகளை அடுக்கியவர், ஓராண்டு கழித்து விறகாகக்கூட உதவாத தூளைத்தான் காண்பார்.

வைக்கோலும் ஒரு வகையில் மரமே

காளான் கட்டையில் தேடுவது மரத்தை அல்ல; மரத்திலுள்ள நார்ச்சத்தையும், அந்த நாரை இறுகப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளையும்தான். இந்த இரண்டும் வைக்கோலிலும் உண்டு. மரத்தில் லிக்னின் அதிகம், வைக்கோலில் குறைவு. மரம் கெட்டி, வைக்கோல் மென்மை. கட்டைக்குள் புக ஓராண்டு பாடுபடும் பூசணம், வைக்கோலில் மூன்று வாரத்துக்குள் பரவி முடிவதற்கு இதுவே காரணம்.

இன்று தமிழ்நாட்டில் பரவலாக வளர்க்கப்படும் சிப்பிக்காளானின் வரலாறே இதற்குச் சான்று. 1917-இல் ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் அதை முதலில் வளர்த்தது மரக்கட்டைகளிலும் வெட்டிய அடிமரங்களிலும்தான். 1962-இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் அதே இனக் காளானை நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். அதுவே தென்னாட்டு வீடுகளுக்கு அது வந்த வழி.

வைக்கோலுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கூடலூர் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இருக்கிறது. ஆனால் எந்தப் போகத்து வைக்கோல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூனில் தண்ணீர் திறந்து நட்ட முதல் போகம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறுவடைக்கு வருகிறது. வயலிலேயே நனைந்து கறுத்த அந்த வைக்கோலில் வேறு பூசணங்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும்; அதில் சிப்பிக்காளானுக்கு இடமில்லை. பங்குனி வெயிலில் அறுத்துக் காய்ந்த இரண்டாம் போக வைக்கோல் பொன்னிறமாக, கமகமவென்று இருக்கும். ஓராண்டுத் தேவைக்கு அதையே வாங்கி, மழை படாமல் பரண்மேல் அடுக்கி வைப்பது நல்லது. அறுவடைக்குச் சற்று முன்பு மருந்தடித்த வயலின் வைக்கோல் வேண்டாம். அறுவடை இயந்திரம் நொறுக்கிய வைக்கோலும் உதவும். ஆனால் அதில் மண்ணும் களைவிதையும் கலந்திருப்பதால் நன்றாக அலச வேண்டும்.

படுக்கை அமைக்கும் முறை

வைக்கோலை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு அண்டாவில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். மருந்துக் கரைசலில் ஊறவைப்போரும் உண்டு. வீட்டுக்கு உண்ண வளர்ப்பவருக்குக் கொதிநீரே போதும்; விறகு சிறிது செலவாகும், அவ்வளவுதான். வெந்த வைக்கோலை வடித்து, சுத்தமான விரிப்பில் நிழலில் உலர்த்த வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது; ஆனால் உள்ளங்கையில் ஈரம் படிய வேண்டும். ஈரம் மிகுந்தால் படுக்கை அழுகி நாறும். மெல்லிய காம்புடன் முளைத்து மையாகக் கரையும் மைக்காளானும் கிளம்பும். ஈரம் குறைந்தால் இழை பாதியில் நின்றுவிடும்.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பாலிதீன் பையின் அடியைக் கட்டி, நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு துளைகள் இட வேண்டும். வைக்கோலை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு அழுத்தி நிரப்பி, ஓரங்களில் ஒரு சிறு கைப்பிடி வித்தைத் தூவ வேண்டும். இப்படியே ஐந்து அடுக்கு அமைத்து வாயை இறுகக் கட்டலாம். 300 கிராம் வித்துப் புட்டி ஒன்று இரண்டு படுக்கைக்கு வரும். சோளமணிகள் மேல் வெண்பஞ்சு போல் இழை மூடிய வித்தே நல்லது. பச்சையோ கறுப்போ தெரிந்தால், புளித்த வாடை அடித்தால், இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையிலும், மதுரை வேளாண்மைக் கல்லூரியிலும், காமாட்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரித்தால் வித்து, பயிற்சி பற்றிய விவரம் தெரியும்.

படுக்கைகளை இருட்டான, வெக்கையில்லாத அறையில் வைத்தால் 15 முதல் 20 நாட்களில் முழுவதும் வெண்மை படர்ந்துவிடும். இடையில் பச்சைப் பூசணம் தோன்றும் படுக்கையை அன்றே வெளியேற்றிக் குழியில் புதைக்க வேண்டும். "பாதி நன்றாயிருக்கிறதே" என்று இரக்கப்பட்டால் பக்கத்துப் படுக்கையும் போகும். வெண்மை படர்ந்த பின் பையைக் கிழித்து நீக்கி, படுக்கைகளை உறி கட்டித் தொங்கவிட்டு, நாளுக்கு இருமுறை கைத்தெளிப்பானால் நீர் தெளிக்க வேண்டும். சில நாட்களில் குண்டூசித் தலை போல் மொட்டுகள் தோன்றும். அடுத்த மூன்று நாளில் பறிக்கலாம். பறித்தபின் மேற்பரப்பை லேசாகச் சுரண்டி நீர் தெளித்து வந்தால், ஒரு வார இடைவெளியில் இரண்டாம், மூன்றாம் பறிப்பு வரும். 45 நாட்களில் ஒரு படுக்கையின் கதை முடியும். அரைக் கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ காளான் எதிர்பார்க்கலாம்.

காற்றும் வெயிலும்

குடிலில் 25 டிகிரியை ஒட்டிய வெப்பமும், 80 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரமும் வேண்டும். ஐப்பசி முதல் தை வரை இப்பள்ளத்தாக்கில் இதற்கு அதிகப் பாடில்லை. தரையில் மணல் பரப்பி நனைத்து, சுற்றிலும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் போதும். ஆனி, ஆடியில் வெப்பம் தாழ்ந்தாலும் மேல்காற்று கெடுக்கும். தென்னையையே வளைக்கும் அந்தக் காற்று, ஒரே பிற்பகலில் மொட்டுகளைச் சருகாக்கிவிடும். எனவே குடிலின் மேற்குப் பக்கத்தை நன்றாக அடைத்து, கிழக்கில் ஈ புகாத வலையிட்ட சாளரம் வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் சிப்பிக்காளானோடு மல்லுக்கட்டுவது வீண். அந்த மாதங்களுக்குப் பால்காளான் இருக்கிறது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் அது செழிக்கும். இதன் ஏ.பி.கே. 2 ரகத்தை 1998-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. படுக்கை அமைப்பது ஒரே மாதிரிதான். இழை பரவிய பின் படுக்கையை இரண்டாக வெட்டி, வெட்டுப் பகுதியின் மேல் ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணை 1 முதல் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு இட்டு நீர் தெளிக்க வேண்டும். இது ஒன்றே கூடுதல் வேலை. சிப்பிக்காளானைப் போல ஓரிரு நாளில் துவளாமல் பால்காளான் பல நாட்கள் தாங்குவது விற்பவருக்கு ஆறுதல்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சிப்பிக்காளான் முற்றினால் நுண்ணிய விதைத்தூளை ஏராளமாக உதிர்க்கும். அதை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வருவதுண்டு. ஆகவே படுக்கும் அறையில் காளான் வளர்க்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் குடிலுக்குள் போக வேண்டாம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, இதழின் ஓரம் மேல்நோக்கி வளையும் முன்பே பறித்துவிட வேண்டும். சுவைக்கும் எடைக்கும்கூட அதுவே சரியான பருவம்.

தினம் எவ்வளவு?

முதல்முறை பத்துப் படுக்கை போட்டுப் பழகினால் போதும். கை பழகியபின் ஒரேநாளில் நூறு படுக்கை போடுவதைவிட நாளுக்கு இரண்டு போடுவது மேல். 45 நாள் சுழற்சியில் எந்நேரமும் 90 படுக்கைகள் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ வரும். வித்து பரவும் அறையில் 35-க்கு மேல், குடிலில் மீதி என்று பிரித்தால், உறியில் தொங்கவிட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் குடிலில் அடக்கலாம். ஒரு கிலோவைத் தெருவிலும் அடுத்த தெருவிலும் காலையிலேயே விற்றுவிடலாம். ஐம்பது கிலோவை விற்கத் தேனிக்கோ குமுளிக்கோ ஓடவேண்டும். மாலைக்குள் விற்காவிட்டால் நட்டம். வித்தையும் கொடுத்து விளைச்சலையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்வோர் வந்தால், விலையை எழுத்தில் கேட்பதோடு, அவர்களிடம் முன்பு விற்றவர் ஒருவரை நேரில் பார்த்துப் பேசிய பிறகு முன்பணம் கொடுக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டையில் ஆசை விடாதவர்கள், செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஷிட்டாக்கேயை மறந்துவிட்டுச் சிப்பிக்காளானையே கட்டையில் ஏற்றுவது அது. போடி, வருசநாடு பக்கத்தில் இலவமரத்துக்கும் மாமரத்துக்கும் குறைவில்லை. காற்றில் முறிந்த பச்சைக் கிளையை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, இரு துண்டுகளுக்கிடையே வித்தைப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பாலிதீனால் மூடி, தென்னந்தோப்பு நிழலில் செங்கல் தளத்தின்மேல் வைக்கலாம். மண்ணில் வைத்தால் கரையான் ஏறும். தேக்கும் வேம்பும் எளிதில் உளுக்காதவை, அவை வேண்டாம். சில மாதங்களில் பலன் தெரியும். மென்மரமாதலால் கட்டையும் விரைவில் உதிர்ந்துவிடும். ஆனால் திறந்த வெளியில் இருக்கும் கட்டையில் விதைத்ததுதான் முளைக்கும் என்று சொல்வதற்கில்லை. சிப்பி வடிவும், அடிச் செதில்கள் காம்பின் மேல் வழிந்து இறங்குவதும் தெளிவாகத் தெரியாவிட்டால் உண்ண வேண்டாம். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு என்ற சோதனைகள் எதுவும் நம்பத்தக்கவை அல்ல. மழைக்குப் பின் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்து, முற்றியதும் அடிப்பக்கம் பச்சை பாயும் காளான் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அது பார்வைக்கு மிகவும் அழகானது.

பறித்து முடிந்த வைக்கோல் படுக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். சாணத்தோடு சேர்த்துக் குவித்து மக்கவைத்துத் தென்னை, வாழைக்கு இடலாம். குடிலுக்கு அருகில் மட்டும் குவிக்கக் கூடாது. காளான் ஈ பெருகுவது அங்கிருந்துதான்.