நுட்பத்தை நீக்கினால் இடைவெளி நீங்குமா?

வீடியோ விளையாட்டு என்றதும் அதைச் சிறுவர் கேளிக்கையென ஒதுக்கிவிடுபவர்கள் எம்மிற் பலர். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' எனும் சண்டை விளையாட்டின் வரலாற்றை நோக்கும்போது அவ்வாறு ஒதுக்கிவிட முடியவில்லை.

எதிரியை மேடையிலிருந்து தூக்கி வீசுவதே இவ்விளையாட்டின் நோக்கம். குழந்தையும் விளையாடலாம். ஆனால் தேர்ந்த வீரர்கள் வேறொரு விளையாட்டையே ஆடுகின்றனர் என்று கூறுமளவிற்கு நுட்பங்கள் இதில் உள்ளன. தாவிய கணத்திலேயே, அடியைத் தவிர்ப்பதற்கான பொத்தானை அழுத்தி நிலத்தை நோக்கிச் சாய்வாகத் திசைகாட்டினால், பாத்திரம் நின்ற நிலையிலேயே வழுக்கிச் செல்லும். வழுக்கியபடியே தாக்கவும் முடியும். இன்னொன்று, வானில் தாக்கியபின் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர் கேடயப் பொத்தானை அழுத்துவது. இதனால் தரையிறங்கும்போது ஏற்படும் தாமதம் பாதியாகக் குறையும். அதற்குக் கிடைக்கும் அவகாசமோ ஒரு வினாடியின் எட்டிலொரு பங்கிலும் குறைவு. இதை ஆட்டமொன்றில் நூறு தடவை பிழையின்றிச் செய்பவருக்கும் அறியாதவருக்கும் இடையே போட்டியென்று ஒன்று இருக்க முடியாது.

மெலே புதியவர்களுக்கு மிகக் கடினமாகிவிட்டதென அதன் வடிவமைப்பாளர் மசாஹிரோ சகுராயே பின்னர் கூறியுள்ளார். 2008இல் வெளியான 'பிரோல்' எனும் அடுத்த பதிப்பில் இவ்விரு நுட்பங்களும் இல்லாதொழிந்தன. ஓடும் பாத்திரம் காரணமின்றித் தடுக்கி விழும் விந்தையும் சேர்க்கப்பட்டது. இடைவெளி நீங்கியதா? இல்லை. தேர்ந்தவர்கள் மெட்டா நைட் என்ற பாத்திரத்தைக் கைக்கொண்டு ஏனையோரை வீழ்த்தினர். சில போட்டிகளில் அப்பாத்திரத்தையே தடை செய்யவேண்டியதாயிற்று. மறுபுறம், பழைய மெலேயை அதன் ஆர்வலர்கள் கைவிடவில்லை. 2013இல் அமெரிக்காவின் 'இவோ' போட்டியில் அதற்கு இடம்பெறுவதற்காக, மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கென அவர்கள் வழங்கிய நன்கொடை 94 ஆயிரம் டொலரைத் தாண்டியது.

எமது நோக்கில், குறை நுட்பத்தில் இருக்கவில்லை. அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பிலேயே இருந்தது. வழுக்கிச் செல்லும் வித்தையை விளையாட்டு எவருக்கும் சொல்லித்தரவில்லை. வல்லவர்கள் கூடும் நகரில் வாழ்ந்தவன் அருகிலிருந்து பார்த்துக் கற்றான்; ஒதுங்கிய ஊரில் தனித்து ஆடியவனுக்கு அப்படியொன்று உண்டென்பதே தெரியாது. ஆர்வலர்கள் தாமே உருவாக்கிய 'ஸ்லிப்பி' எனும் மென்பொருள், 2020 முதல் தொலைவிலுள்ளோரும் இணையத்தினூடாகப் பெரிதும் தடங்கலின்றி மோத வழிசெய்தது. நுட்பத்தை வெட்டாமலே இடைவெளியைச் சுருக்கிய செயல் இது. நிறுவனம் செய்திருக்கவேண்டியதை வீரர்களே செய்துகொண்டனர்.

ஆனாலும் உடல் என்றொன்று உண்டு. இடையறாப் பயிற்சியால் விரலும் மணிக்கட்டும் நொந்து ஒதுங்கிய வீரர்கள் உளர். கைக்கு இதமாகப் பொத்தான்களால் மட்டும் இயங்கும் கட்டுப்படுத்திகள் வந்தபோது, அவை கடினமான அசைவுகளை எளிதாக்கிவிடுகின்றன என்ற ஆட்சேபம் எழுந்தது. சிலர் அதை நிவாரணம் என்கின்றனர். வேறு சிலர் குறுக்குவழி என்கின்றனர். அவ்வாதம் இன்னும் ஓயவில்லை.