வாசலில் ஒரு பந்திவஞ்சனை

திருப்பதிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்திலுள்ள திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைத் தரிசித்துவிட்டு, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயுமுன்பே, அரையில் வேஷ்டியும் தோளில் அங்கவஸ்திரமுமாக ஒரு குடும்பஸ்தர் தம் குழந்தைகளுடன் பக்கத்திலுள்ள நட்சத்திர ஹோட்டலின் போஜனசாலைக்குள் நுழைவாராயின், அவரை ஏற இறங்கப் பார்ப்பார் அங்கே எவருமிலர். பரிமாறுகிறவர் மடிப்புக் கலையாத சீருடையில் நிற்க, உண்கிறவர் கோயிற் கோலத்தில் அமர்ந்திருப்பது இவ்வட்டாரத்தில் அன்றாடக் காட்சி.

உயர்தர விருந்து என்றால் உண்பவனும் வேஷம் பூண வேண்டும் என்பது ஐரோப்பிய சம்பிரதாயம். லண்டன் ரிட்ஸ் ஹோட்டலின் உணவுக்கூடத்தில் கோட்டும் டையும் இல்லாத ஆடவருக்கு இன்றும் இடம் கிடையாது. ஆயினும் அலுவலகங்களிலேயே டை அருகிவிட்ட இக்காலத்தில், விலையுயர்ந்த உணவகங்களிற் பலவும் அந்நிபந்தனையைத் தளர்த்திவிட்டன. டையின்மீது எனக்கு விரோதம் ஏதுமில்லை; சித்தூர்ச் சீமையின் சித்திரை வெயிலில் அதை இறுக்கிக்கொண்டு ரசம் சாப்பிடுகிறவர்மீது இரக்கம் மட்டும் உண்டு.

இதனால் நமக்கு ஆசாரமே இல்லை என்று கொள்ளலாகாது. இலையின் நுனி உண்பவருக்கு இடப்புறம் இருக்க வேண்டும். உப்பும் ஊறுகாயும் தத்தம் மூலையில் விழ வேண்டும். வரிசை முழுவதற்கும் பரிமாறி முடியும்வரை ஒருவரும் கைவைக்கலாகாது. பக்கத்திலிருப்பவர் முடிக்குமுன் எழுவதும் மரியாதையன்று. இத்தனை நியமங்களும் உண்ணும் முறையையும் உபசரிக்கும் முறையையும் பற்றியனவே. பரிமாறுகிறவன் ஒருவருக்கு நெய்யை அள்ளி ஊற்றி, அடுத்தவருக்குச் சொட்டு விடுவானாகில், அதற்குப் பந்திவஞ்சனை என்று பெயரிட்டு, மகாபாவங்களுள் ஒன்றாக நம் பெரியோர் எண்ணினர். ஜாதிவாரியாகத் தனிப்பந்தி போட்டவர்களும் அவர்களே என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் களங்கம் நீங்கிய பந்தியைக் காண விரும்புவோர் திருமலைக்குச் செல்லலாம்: 1985-இல் தேவஸ்தானம் தொடங்கிய அன்னதானம், இன்று தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் தாங்கிய மாளிகையில், ஒரே வேளையில் சுமார் 4000 பேரை அமர்த்தி, யாரென்று வினவாமல் ஒரே உணவை அளிக்கிறது.

அதே திருமலையில் கல்யாணோத்ஸவத்துக்கு வரும் ஆடவர் வேஷ்டியோ குர்தா பைஜாமாவோ அணிந்தாக வேண்டும் என்பது விதி. மலையப்ப சுவாமியின் சந்நிதிக்கு வேண்டிய அந்த வேஷ்டியே, 2014 ஜூலையில், சென்னைச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பின் வாசலில் குற்றமாயிற்று. புத்தக வெளியீட்டு விழாவொன்றுக்கு வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன், வேஷ்டி உடுத்தியிருந்த காரணத்தால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. பந்தி தொடங்குமுன் வாசலிலேயே நடக்கும் வஞ்சனை என்று இதைச் சொல்வேன். அடுத்த மாதமே, பொது இடங்களில் வேஷ்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கித் தமிழகச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று.

பரிமாறுகிறவரிடம் ஆசாரம், உண்பவருக்குச் சுதந்திரம் என்பதே என் கட்சி. அதற்கு மாறாக, வருகிறவரின் உடையைச் சோதித்து உள்ளே விட்டபின், கை கழுவுமுன்பே பில்லை நீட்டுகிற உணவகம் எத்தனை நட்சத்திரம் பெற்றிருந்தாலும் எனக்கு உயர்தரமாகத் தோன்றவில்லை. தமிழகத்தின் சட்டம் ஆந்திர எல்லையைத் தாண்டிச் செல்லாது. திருச்சானூருக்கு அது தேவைப்படவுமில்லை.